உங்களுக்கும் உண்டு இலவச வக்கீல்

"அதெல்லாம் ஒண்ணுமில்லாத ஏழைங்களுக்குத்தானே?"

இலவச சட்ட உதவி என்று பேச்செடுத்தாலே வரும் பதில் இது. வட்ட சட்டப்பணிகள் குழுவில் தன்னார்வலராக இருக்கிறேன். கிராமங்களில் நடக்கும் விழிப்புணர்வு முகாம்களிலும், பேருந்து நிலையத்தில் நோட்டீஸ் கொடுக்கும்போதும், ஏன், சொந்தக்காரர் வீட்டு விசேஷங்களிலும்கூட இதையே கேட்கிறேன். வக்கீல் ஃபீஸுக்காக நகையை அடகு வைத்தவர்கள் சொல்கிறார்கள். செலவுக்குப் பயந்து வழக்கே வேண்டாம் என்று விட்டுவிட்டவர்களும் சொல்கிறார்கள். அவர்களில் பலர் சட்டப்படி முழுத் தகுதி உள்ளவர்கள் என்பதுதான் எனக்குத் தாங்க முடியாத விஷயம். யாரும் அவர்களைத் தடுக்கவில்லை. "நமக்குக் கிடைக்காது" என்று தாங்களாகவே முடிவுகட்டிக்கொண்டு வாசல்படி ஏறாமலே போய்விடுகிறார்கள்.

யாருக்குக் கிடைக்கும் என்பதைச் சொல்வது 1987ஆம் ஆண்டின் சட்டப்பணிகள் ஆணைக்குழுக்கள் சட்டம். அதன் 12ஆவது பிரிவை ஒருமுறை படித்துப் பாருங்கள். பட்டியல் சாதியினர், பழங்குடியினர். பெண்கள், குழந்தைகள். மாற்றுத்திறனாளிகள், மனநலம் பாதிக்கப்பட்டவர்கள். ஆள்கடத்தலுக்கு ஆளானவர்கள், கூலியில்லாமல் கட்டாய வேலை வாங்கப்பட்டவர்கள். பேரிடரிலோ சாதி வன்கொடுமையிலோ பாதிக்கப்பட்டவர்கள். தொழிலாளர்கள். போலீஸ் காவலிலோ சிறையிலோ இருப்பவர்கள். இத்தனை பேரையும் சொல்லி முடித்த பிறகு, கடைசி வகையாகத்தான் வருமானம் குறைந்தவர்கள் வருகிறார்கள். அந்தக் கடைசி வகைக்கு மட்டும்தான் வருமான வரம்பு. அதற்கு முன்னால் உள்ள எந்த வகையிலும் நீங்கள் மாதம் எவ்வளவு சம்பாதிக்கிறீர்கள் என்ற கேள்வியே கிடையாது.

பெண்களைப் பற்றி முதலில் பேசிவிடுகிறேன். அதிகம் தவறவிடுவது அவர்கள்தான்.

ஒரு முகாம் முடிந்து நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தபோது ஒரு பெண் வந்தார். கூட்டம் கலையும்வரை தள்ளி நின்று காத்திருந்திருக்கிறார். "அக்கா, நான் கவர்மென்ட் ஸ்கூல் டீச்சர். எனக்கு இதெல்லாம் தர மாட்டாங்கல்ல?" என்று ஆரம்பித்தார். கணவர் வீட்டைவிட்டு அனுப்பிவிட்டார், பையன் அவரிடம் இருக்கிறான், பார்க்க விடுவதில்லை. தனியார் வக்கீலிடம் கேட்டதில் சொன்ன தொகையை டீச்சரால் புரட்ட முடியவில்லை. சம்பளம் வருகிறதே என்று நான் கேட்கவில்லை. அவரே சொன்னார்: வீட்டுக் கடன் அவர் பெயரில், வீடு கணவர் பெயரில். முதல் தேதி சம்பளம் ஏறும், ஐந்தாம் தேதி தவணைக்குப் போய்விடும். மிச்சத்தில் விடுதி வாடகையும் சாப்பாடும்.

"பெண் என்பதே உங்க தகுதிதான், டீச்சர். சம்பளச் சீட்டு எதுவும் வேண்டாம். ஆதார் நகலும், நடந்ததை எழுதின மனுவும் எடுத்துட்டு வாங்க" என்றேன். அவர் நம்பவில்லை. சட்டப்பிரிவை போனில் எடுத்துக் காட்டிய பிறகுதான் நம்பினார்.

அதற்கப்புறமும் தடை வந்தது. மனு கொடுக்கப் போன இடத்தில், "வருமானச் சான்று இணைக்கலையே, தாசில்தார் ஆபீஸ்ல வாங்கிட்டு வாங்க" என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். இது எங்கோ ஓரிடத்தில் நடப்பதல்ல. பெண்களிடமும், பட்டியல் சாதியைச் சேர்ந்தவர்களிடமும், பழக்கதோஷத்தில் வருமானச் சான்று கேட்கிறார்கள். கேட்கிற எழுத்தருக்குக் கெட்ட எண்ணம் இருக்காது. ஆனால் திருப்பி அனுப்பப்பட்டவர்களில் எத்தனை பேர் மறுபடி வருவார்கள்? ஒருநாள் லீவு போட்டு, இரண்டு பஸ் மாறி வந்தவரை ஒரு தேவையில்லாத காகிதத்துக்காகத் திருப்பி அனுப்புவது, உரிமையையே மறுப்பதற்குச் சமம் என்று நான் நினைக்கிறேன். அப்படி யாராவது கேட்டால் தயங்காமல் சொல்லுங்கள்: "நான் 12ஆவது பிரிவுல பெண் என்ற வகையில வர்றேன், எனக்கு வருமான வரம்பு இல்லை." அதற்கும் மேல் பிரச்சினை என்றால் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவின் செயலாளரைப் பாருங்கள். அவர் ஒரு நீதிபதி. இந்த வேலைக்கென்றே அமர்த்தப்பட்டவர்.

டீச்சருக்கு வக்கீல் கிடைத்தார். வழக்கு நடக்கிறது, பையனை வாரக்கடைசியில் பார்க்க முடிகிறது.

வசதியான பெண்ணுக்கு எதற்கு அரசு செலவில் வக்கீல் என்று கேட்பவர்கள் உண்டு. குடும்பத்தில் சொத்து இருப்பதும் அது பெண்ணின் கைக்கு வருவதும் ஒன்றல்ல. காரில் வந்து இறங்கும் பெண்ணிடம்கூட, கணவருக்குத் தெரியாமல் எடுத்துச் செலவழிக்க ஆயிரம் ரூபாய் இல்லாமல் இருப்பதைப் பார்த்திருக்கிறேன். சட்டம் எழுதியவர்கள் இதைத் தெரிந்துதான் எழுதியிருக்கிறார்கள். விவாகரத்து, ஜீவனாம்சம் மட்டுமல்ல. பாகப்பிரிவினை வழக்கு, சொத்து வழக்கு, வேலை தொடர்பான வழக்கு, பெண்ணே எதிரியாகச் சேர்க்கப்பட்ட குற்ற வழக்கு என எதற்கும் கேட்கலாம். வழக்கில் முகாந்திரம் இருக்க வேண்டும், அவ்வளவுதான் நிபந்தனை.

அடுத்து, கைதானவர்கள். இதைப் பற்றி நான் கொஞ்சம் நீளமாகவே சொல்லியாக வேண்டும்.

மகனையோ கணவனையோ போலீஸ் கூட்டிக்கொண்டு போன இரவில் ஒரு குடும்பம் எடுக்கும் முடிவுகள் பல வருடக் கடனாக மாறும். தெரிந்தவர் ஒருவர், அவருக்குத் தெரிந்த வக்கீல், உடனே கட்ட வேண்டிய முன்பணம், கழுத்தில் கிடக்கும் தாலிக்கொடி. விடிவதற்குள் எல்லாம் நடந்துவிடும். அந்த நேரத்தில் அவர்களுக்குத் தெரியாத விஷயம், காவலில் இருக்கும் ஒருவர் யாராக இருந்தாலும், எந்தச் சாதியாக இருந்தாலும், எவ்வளவு சொத்து இருந்தாலும், இலவச வக்கீலுக்குத் தகுதியானவர் என்பது. சிறை மட்டுமல்ல, காப்பகம், சிறுவர் இல்லம், மனநல மருத்துவமனை ஆகியவற்றில் வைக்கப்பட்டிருப்பவர்களுக்கும் அது பொருந்தும். மாஜிஸ்திரேட் முன்னால் ரிமாண்டுக்குக் கொண்டுவரும்போதே வக்கீல் இருக்க வேண்டும். அதற்கென்றே ரிமாண்ட் வக்கீல்கள் நியமிக்கப்படுகிறார்கள்.

இந்த உரிமை சும்மா வந்ததில்லை. 1979இல் ஹுசைனாரா காதூன் வழக்கு உச்ச நீதிமன்றத்துக்கு வந்தது. பீகார் சிறைகளில் விசாரணைக் கைதிகள் வருடக்கணக்கில் கிடந்தார்கள். குற்றம் நிரூபிக்கப்பட்டிருந்தால்கூட கிடைத்திருக்கக்கூடிய அதிகபட்சத் தண்டனையைவிட நீண்ட காலம் உள்ளே இருந்தவர்கள் அவர்களில் உண்டு. காரணம் எளிமையானது. ஜாமீன் கேட்க ஆளில்லை, வக்கீல் வைக்கக் காசில்லை. பத்திரிகையில் வந்த செய்தியை வைத்து வழக்குத் தொடுத்தவர் வழக்கறிஞர் கபிலா ஹிங்கோரானி. நீதிபதி பி.என்.பகவதி அந்த வழக்கில், ஏழைக்கு வக்கீல் இல்லாமல் நடக்கும் விசாரணை நியாயமான விசாரணையே அல்ல என்ற நிலையை எடுத்தார். அதற்கு முந்தைய வருடமே ஹோஸ்காட் வழக்கில் நீதிபதி வி.ஆர்.கிருஷ்ணய்யர் இதே திசையில் தீர்ப்பு எழுதியிருந்தார். 1980இல், பாகல்பூரில் கைதிகளின் கண்களைக் குருடாக்கிய கொடுமை பற்றிய வழக்கில், இலவச வக்கீல் கேட்கும் உரிமை உண்டு என்பதை எதிரிக்கு எடுத்துச் சொல்வது மாஜிஸ்திரேட்டின் கடமை என்று உச்ச நீதிமன்றம் சொன்னது.

எனக்கு மிகவும் பிடித்தது இவை எதுவும் இல்லை. 1986இல் வந்த சுக் தாஸ் வழக்கு. அருணாசலப் பிரதேசத்தில் ஓர் அரசு ஊழியர். தன்னை இடமாற்றம் செய்த உத்தரவை ரத்து செய்யச் சொல்லி அதிகாரியை மிரட்டினார் என்று வழக்கு. வக்கீல் இல்லாமலே விசாரணை நடந்து, 2 வருடத் தண்டனை. மேல்முறையீட்டில், "அவர்தான் இலவச வக்கீல் வேண்டும் என்று கேட்கவே இல்லையே" என்று சொல்லிப் பார்த்தார்கள். உச்ச நீதிமன்றம் தண்டனையையே ரத்து செய்தது. படிப்பறிவில்லாத, சட்டம் தெரியாத மக்கள் நிறைந்த நாட்டில், கேட்கவில்லை என்பதற்காக உரிமை பறிபோகாது என்பதுதான் அந்தத் தீர்ப்பின் சாரம். முகாம்களில் இந்த ஒரு வழக்கைச் சொன்னால் போதும், பின்வரிசையில் இருப்பவர்களும் நிமிர்ந்து உட்காருவார்கள்.

இதற்குள் அரசியல் சாசனத்திலும் இடம் கிடைத்திருந்தது. 1976ஆம் ஆண்டின் 42ஆவது திருத்தம் 39ஏ என்ற கூறைச் சேர்த்தது. காசில்லை என்பதற்காகவோ வேறு குறைபாட்டுக்காகவோ ஒரு குடிமகனுக்கு நீதி மறுக்கப்படக் கூடாது, அதற்கு அரசு இலவச சட்ட உதவி தர வேண்டும் என்றது. அதற்கான சட்டம் 1987இல் வந்தாலும் நடைமுறைக்கு வந்தது 1995 நவம்பர் 9 அன்று. அந்தத் தேதியைத்தான் ஆண்டுதோறும் சட்டப்பணிகள் தினமாகக் கொண்டாடுகிறோம்.

இப்போது குற்ற வழக்குகளில் எதிரிகளுக்காக வாதாடுவதற்கென்றே முழுநேர வக்கீல்களை மாவட்ட அளவில் அமர்த்தும் திட்டம் 2022 முதல் நடக்கிறது. "அரசு குடுக்குற வக்கீல் போலீஸ் பக்கம்தானே பேசுவாரு?" என்று பல தாய்மார்கள் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். இல்லை அம்மா. போலீஸ் தரப்புக்கு வாதாடுபவர் வேறு, இவர் வேறு. இவர் உங்கள் மகனுக்கு மட்டும்தான் வக்கீல்.

தொழிலாளர் வகை பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம். ஆலையில், தொழிற்சாலையில், பட்டறையில் வேலை பார்க்கும் தொழிலாளி, விசாரணை இல்லாமல் வேலையைவிட்டு நீக்கப்பட்டாலோ, பணிக்கொடை மறுக்கப்பட்டாலோ, வருமானம் எவ்வளவு என்ற கேள்வி இல்லாமல் வரலாம். மேலாளர் பதவியில் இருப்பவர்கள் இந்த வகையில் சேர மாட்டார்கள்.

பேரிடர் வகையில் வெள்ளம், வறட்சி, நிலநடுக்கம், தொழிற்சாலை விபத்து எல்லாம் அடங்கும். 2004 சுனாமியில் பாதிக்கப்பட்டவர்களும், 2023 டிசம்பர் வெள்ளத்தில் தூத்துக்குடி, திருநெல்வேலிப் பக்கம் வீடு இழந்தவர்களும் இதற்குள் வருவார்கள். சிவகாசிப் பக்கம் பட்டாசு ஆலை வெடித்துக் குடும்பத்தலைவரை இழந்தவர்கள் இழப்பீட்டுக்காக அலையும்போது, ஊரில் உள்ள இடைத்தரகர் கேட்கும் கமிஷனுக்குத் தலையாட்ட வேண்டியதில்லை.

கொத்தடிமையாக வைக்கப்பட்டவர்களின் நிலை தனி. செங்கல் சூளையிலோ அரிசி ஆலையிலோ கொஞ்சம் முன்பணம் வாங்கி, அந்தக் கடன் தீரவே தீராமல் குடும்பத்தோடு அங்கேயே கிடக்கிற இருளர் குடும்பங்கள் வட மாவட்டங்களில் இன்றும் மீட்கப்படுகின்றன. அந்தக் குடும்பத்துப் பெண், பழங்குடி என்ற வகையிலும், கட்டாய உழைப்புக்கு ஆளானவர் என்ற வகையிலும், பெண் என்ற வகையிலும் தகுதி உள்ளவர். மூன்று வாசல் திறந்திருந்தும் அவர்களாக நடந்து வர வழியில்லை. விடுதலைச் சான்று கையில் கிடைத்த பிறகுதான் வழக்கு, நிவாரணம் என்ற பேச்சே வரும். இங்கே நாம்தான் அவர்களைத் தேடிப் போக வேண்டும்.

இனி வருமான வரம்பு. தமிழ்நாட்டில் இப்போது ஆண்டு வருமானம் 3 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் கிடைக்கும். இது மாநிலத்துக்கு மாநிலம் மாறும். உச்ச நீதிமன்ற வழக்கு என்றால் 5 லட்சம். மற்ற எந்த வகையிலும் வராத ஆண்களுக்குத்தான் இது பெரும்பாலும் தேவைப்படும். 3 லட்சம் என்றால் மாதம் 25,000. மாதம் 26,000 சம்பாதித்து, வாடகை கட்டி, இரண்டு பிள்ளைகளைப் படிக்க வைக்கும் ஓட்டுநர் வெளியே நிற்கிறார். அவருக்கு ஒரு சொத்து வழக்கு வந்தால் எப்படித் தாங்குவார்? இந்த வரம்பை உயர்த்த வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. அப்படிப்பட்டவர்களையும் நான் வெறும் கையோடு அனுப்புவதில்லை. ஆலோசனை கேட்க வரலாம், மக்கள் நீதிமன்றத்துக்கு வழக்கைக் கொண்டுபோகலாம். மக்கள் நீதிமன்றம் எல்லாருக்கும் பொது. அங்கே சமரசமாக முடிந்தால், ஏற்கெனவே கட்டிய நீதிமன்றக் கட்டணமும் திரும்பக் கிடைக்கும். ஆனால் அதன் தீர்ப்புக்கு மேல்முறையீடு கிடையாது. கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் நன்றாக யோசித்துக்கொள்ளுங்கள்.

வருமானத்தை நிரூபிக்கத் தாசில்தார் சான்றுதான் வேண்டும் என்று எல்லாரும் நினைக்கிறார்கள். சட்டத்தின் 13ஆவது பிரிவு, மனுதாரர் தன் வருமானம் பற்றித் தரும் பிரமாணப் பத்திரமே போதுமானதாகக் கொள்ளப்படலாம், சந்தேகப்படக் காரணம் இருந்தாலொழிய, என்கிறது. சான்று வாங்க முடிந்தால் இ-சேவை மையத்தில் விண்ணப்பித்து வாங்குங்கள், நல்லதுதான். அது கிடைக்கும்வரை காத்திருந்து வாய்தாவைத் தவறவிட்டுவிடாதீர்கள்.

முதியவர்கள் பற்றி அடிக்கடி கேட்கிறார்கள். 12ஆவது பிரிவில் முதியோர் என்று தனி வகை இல்லை. சில மாநிலங்கள் தங்கள் விதிகளில் சேர்த்துக்கொண்டிருக்கின்றன. வயதான அம்மா என்றால் பெண் என்ற வகையிலேயே வந்துவிடுவார். பிள்ளைகள் சோறு போடவில்லை என்றால், அப்பாவோ அம்மாவோ, 2007ஆம் ஆண்டின் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டப்படி கோட்டாட்சியரிடம் நேரடியாக மனுக் கொடுக்கலாம். அந்த மனுவை எழுதித் தரும் உதவியை எங்களிடம் கேளுங்கள்.

விண்ணப்பிப்பது கஷ்டமில்லை. ஊர் கோர்ட் வளாகத்துக்குள்ளேயே வட்ட சட்டப்பணிகள் குழு இருக்கும். மாவட்டத் தலைநகரில் மாவட்ட ஆணைக்குழு. உயர் நீதிமன்ற வழக்கு என்றால் சென்னையிலும் மதுரைக் கிளையிலும் தனிக்குழுக்கள். படிவம் கிடைக்காவிட்டால் வெள்ளைத்தாளில் எழுதிக் கொடுக்கலாம். எழுதத் தெரியாதவர் வாயால் சொன்னால் அங்கே இருப்பவர்கள் எழுதி, கைநாட்டு வாங்கிக்கொள்ள வேண்டும், அது விதியில் உள்ளது. விண்ணப்பத்தின் மேல் 7 நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும். நேரில் வர முடியாதவர்கள் 15100 என்ற எண்ணுக்கு அழைக்கலாம், கட்டணம் இல்லை.

கிடைப்பது வக்கீல் மட்டுமில்லை. நீதிமன்றக் கட்டணம், சம்மன் செலவு, தீர்ப்பு நகல், மேல்முறையீட்டுக்கான மொழிபெயர்ப்பு, அச்சுச் செலவு எல்லாம் சேர்த்துத்தான். 10 லட்சம் ரூபாய்க்கு ஒரு பண வழக்குப் போட்டால், நம் மாநிலத்தில் 3 சதவீதக் கணக்கில் கோர்ட் கட்டணமே 30,000 ஆகும். அதைப் புரட்ட முடியாமல் நின்றுபோன வழக்குகள் ஏராளம்.

தரம் பற்றிய பயம் நியாயமானதுதான், அதை மூடி மறைக்க மாட்டேன். ஆணைக்குழுவின் பட்டியலில் உள்ள வக்கீல்கள் எல்லாரும் ஒரே மாதிரி இல்லை. குறைந்தது 3 வருட அனுபவம் உள்ளவர்களைத்தான் எடுக்கிறார்கள். கட்சிக்காரரை மகள்போல நடத்தி, இரவு பத்து மணிக்கும் போன் எடுக்கிற வக்கீல்களை எனக்குத் தெரியும். வாய்தாவுக்கு ஜூனியரை அனுப்பிவிட்டு, கட்சிக்காரர் முகத்தையே பார்க்காதவர்களும் இருக்கிறார்கள். உங்களுக்குக் கிடைத்தவர் சரியில்லை என்றால் மாற்றித் தரச் சொல்லி எழுதிக் கொடுங்கள், காரணத்தோடு. டைப் அடிக்க, ஜெராக்ஸ் எடுக்க, செலவுக்கு என்று ஏதாவது பெயரில் உங்களிடம் பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். அவருக்குரிய கட்டணத்தை ஆணைக்குழு தருகிறது, உங்களிடம் ஒரு பைசா வாங்க அவருக்கு அனுமதி இல்லை. செயலாளரிடம் சொல்லுங்கள். உங்கள் வழக்குக்கு அதனால் எந்தக் கெடுதலும் வராது.

முகாம்களில் கடைசியாக யாராவது ஒருவர் கையைத் தூக்கி இதைக் கேட்காமல் இருப்பதில்லை: "என் வீட்டுக்காரரும் உங்ககிட்டயே வந்து வக்கீல் கேட்டா என்ன பண்ணுவீங்க?" அவருக்கும் தகுதி இருந்தால் கொடுப்போம். வேறு வக்கீல், வேறு கோப்பு. உங்கள் வக்கீலிடம் நீங்கள் சொன்ன எதுவும் அவருக்குப் போகாது.